குளத்தைச் சுற்றி ஒரே ஒரு மரம்

என் மகளை எல்கேஜியில் சேர்த்த பிறகுதான் பகல் என்று ஒன்று எனக்குத் திரும்பக் கிடைத்தது. காலையில் பள்ளி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். என் கணவருக்கு அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். மாமியார் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுப்பார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகிற சாலை பக்கத்திலேயே இருந்ததால் ஜன்னலை மூடியே வைத்திருப்போம். மூடிய ஜன்னலுக்குள் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும்.

கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராம் எந்த இடத்தில் உடையும் என்று தேடிப் பார்க்கிற வேலை. பிடித்துத்தான் செய்தேன். பிரசவத்தோடு அதை விட்டது, அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்று வருடங்கள் ஓடிவிட்டன. மறுபடி வேலைக்குப் போக வேண்டும், வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒன்று கிடைத்தால் நல்லது என்று விண்ணப்பிக்கத் தொடங்கினேன். எங்கே போட்டாலும் முதலில் ஆன்லைனில் ஒரு கோடிங் தேர்வு வைத்தார்கள். மற்ற கேள்விகளை எப்படியோ முடித்துவிடுவேன். டைனமிக் புரோகிராமிங் என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. அது வந்தால் நேரம் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருந்தாள். படிக்கும்போதே ஒரு வேலை கிடைத்தது. சேருகிற தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனார்கள். கடைசியில் பதில் வருவதே நின்றுவிட்டது. மாமியார் ஜெயங்கொண்டம் பக்கம் மாப்பிள்ளை விசாரிக்க ஆரம்பித்திருந்தார். அந்தப் பேச்சு வந்தால் அவள் அறைக்குள் போய்விடுவாள்.

ஒருநாள் மத்தியானம் நான் லேப்டாப் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"என்னா அண்ணி, படிக்கட்டுக் கணக்கா?"

"ஆமா. உனக்குத் தெரியுமா?"

"செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணி எழுதுனேன். இப்ப கேட்டா தெரியாது."

டைனமிக் புரோகிராமிங்கில் முதலில் சொல்லித் தருகிற எளிய கணக்குதான் அது. ஒரு மாடிப்படி இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு படி ஏறலாம், அல்லது இரண்டு படியாகத் தாண்டலாம். மேலே போய்ச் சேர எத்தனை விதமாக ஏறலாம்? நான் எழுதியிருந்த புரோகிராம் சின்னப் படிக்கட்டுக்கு உடனே விடை சொன்னது. ஐம்பது படி என்று கொடுத்தால் லேப்டாப்பின் காற்றாடி இரைய ஆரம்பித்தது, விடை வரவில்லை.

அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிழித்த மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் போட்டோம். ஐந்தாம் படிக்கு வருகிறவன் நான்காம் படியிலிருந்து வந்திருப்பான், இல்லையென்றால் மூன்றாம் படியிலிருந்து தாண்டியிருப்பான். அப்படியானால் நான்காம் படிக்கும் மூன்றாம் படிக்கும் உள்ள விடைகளைக் கூட்டினால் போதும். நான்காவதைக் கேட்டால் அது மூன்றையும் இரண்டையும் கேட்கிறது. கிளை கிளையாகப் பிரிந்து தாள் நிறைந்துபோயிற்று. அந்தக் கிளைகளில் திரும்பத் திரும்ப அதே மூன்றாம் படி, அதே இரண்டாம் படி.

"இது என்னா அண்ணி, ஒரே கேள்விய எத்தன தடவதான் கேக்குது?" என்றாள்.

அவள் சலிப்பில்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் பிடிபட்டது. ஒரு தடவை கண்டுபிடித்ததை எங்காவது வைத்துக்கொண்டால் மறுபடி கண்டுபிடிக்க வேண்டாம். கீழ்ப் படியிலிருந்து ஒவ்வொன்றாக விடையைப் போட்டுக்கொண்டே மேலே போனால் கிளையே தேவையில்லை. அப்படி மாற்றி எழுதி ஓட்டினோம். ஐம்பது படிக்குக் கண் இமைப்பதற்குள் விடை வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். புத்தகத்தில் இதையே பலமுறை படித்திருந்தேன். அப்போதெல்லாம் அது வெறும் வாக்கியமாகவே இருந்தது.

அதன் பிறகு மத்தியான நேரம் எங்களுடையதாகிவிட்டது. நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அவள் அன்றைய கணக்கை எடுத்து வைத்திருப்பாள். இருவருக்கும் யோசிக்கிற விதம் வேறு. அவள் வேகமாக எழுதுவாள், எழுதிவிட்டுத்தான் யோசிப்பாள். நான் எழுதுவதற்கு முன்பே அது எங்கே தவறும் என்று தேடத் தொடங்கிவிடுவேன், அதனால் எழுதுவதே தாமதமாகும். அவளுக்கு அது எரிச்சலாக இருக்கும். "மொதல்ல ஒண்ணு எழுதுங்க அண்ணி, அப்புறமா ஒடச்சுக்கலாம்" என்பாள்.

ஒருநாள் திருடன் கணக்கு வந்தது. ஒரு தெருவில் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இவ்வளவு நகை என்று தெரியும். அடுத்தடுத்த இரண்டு வீட்டில் திருடினால் மணி அடித்துவிடும். எந்தெந்த வீட்டில் திருடினால் அதிகம் கிடைக்கும்? நாங்கள் சத்தமாகவே விவாதித்துக்கொண்டிருந்தோம்.

"மூணாவது வூட்ட விட்டுட்டு நாலாவதுல பூந்தா?"

"வேணாம் அண்ணி. நாலாவதுல ஒண்ணுமே இல்ல. மூணும் அஞ்சும்தான் எடுக்கணும்."

உள்ளே படுத்திருந்த மாமியார் எழுந்து வந்து கதவோரம் நின்றார். முகத்தில் தூக்கமே இல்லை.

"ஏம்மா, யாரு வூட்லடி திருடப் போறீங்க?"

நாத்தனார் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து, "அது கணக்கு அத்தை, கம்ப்யூட்டர் கணக்கு" என்று சொல்லி முழுவதையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதத் தெரிஞ்சுக்கிட்டா வேல குடுப்பானா?"

"குடுப்பாங்க அத்தை."

"நல்ல வேலதான் போ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் சென்னை நிறுவனம் ஒன்று ஆள் எடுப்பதாகத் தெரிந்தது, அனுபவம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் இருந்ததால் இருவருமே விண்ணப்பித்தோம். தேர்வுக்கு அழைப்பு வந்தது, இருவருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். மறுநாளே மின்வாரியத்திலிருந்து குறுஞ்செய்தியும் வந்தது: அந்த நாளில் பராமரிப்புப் பணிக்காக எங்கள் பகுதியில் காலையிலிருந்து மின்சாரம் இருக்காது. என் கணவர், "உங்கம்மா வூட்டுக்குப் போயிடுங்க" என்றார். என் அம்மா வீடு பெரம்பலூரில். அங்கே என் தம்பியின் லேப்டாப்பும் இருந்தது.

காலையிலேயே மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியும் நனைந்து நின்றன. நாத்தனார் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். சாமி கும்பிடுகிறாளோ என்று நினைத்தேன். இறங்கும்போது கேட்டால், இரண்டு சொற்களுக்குப் பொதுவான எழுத்துகளைக் கண்டுபிடிக்கிற கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டு வந்தாளாம்.

அம்மா வீட்டில் கூடம் முழுக்கச் சின்ன வெங்காயம். செட்டிகுளத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மழைக்குப் பயந்து அப்பா அறுவடையை வீட்டுக்குள் கொண்டுவந்து பரப்பியிருந்தார். நாத்தனார் படுக்கையறையில் உட்கார, எனக்குக் கூடம்தான் கிடைத்தது. தேர்வு தொடங்குமுன் கேமராவைச் சுற்றிக் காட்டி, அறையில் வேறு யாரும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நான் லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றினேன். நான்கு பக்கமும் வெங்காயக் குவியல். எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர், இன்னொரு தடவை மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொல்லி எழுதினார். பிறகு, தொடங்கலாம் என்று பதில் வந்தது. அம்மா என் மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்.

அந்தத் தேர்வில் டைனமிக் புரோகிராமிங் கேள்வி வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. தாளில் ஒரு சின்ன அட்டவணை போட்டேன், மிகச் சிறிய கேள்வியிலிருந்து கட்டங்களை நிரப்பினேன், விதி தெரிந்தது, எழுதினேன். புரோகிராமை ஓட்டிப் பார்க்கிற எல்லாச் சோதனைகளும் சரி என்று பச்சையாயின. வெங்காய நெடியில் கண் எரிந்துகொண்டிருந்தது. வெளியே வந்த நாத்தனார் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "போச்சா அண்ணி?" என்று பதறிப்போனாள்.

இருவரும் தேறினோம். நேர்காணல் அடுத்த வாரம், வீட்டிலேயே, வீடியோவில். முதலில் என்னுடையது. கேட்டவர் என்னைவிடச் சின்னவராக இருப்பார். மரியாதையாகத்தான் பேசினார். நடுவில் எத்தனை வருடம் வேலையில் இல்லை என்று கேட்டார், சொன்னேன். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றக் குறைந்தது எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று கணக்குக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த கணக்கு. விதியையும் சரியாகவே சொன்னேன். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் நின்று, இது எங்கே தவறும் என்று யோசித்தேன். பாதி எழுதும்போதே, "பரவாயில்லை, நேரமாகிவிட்டது" என்றார்.

அடுத்த நாள் அவளுடையது. கதவுக்கு வெளியிலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டே எழுதினாள்.

முடிவு இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தது. அவளுக்கு வேலை, எனக்கு இல்லை. அவள் போனை நீட்டிக் காட்டினாள். "அண்ணி, உங்களது?" என்றாள். என்னுடையதைக் காட்டினேன். அவள் அழ ஆரம்பித்தாள். சந்தோஷப்பட வேண்டிய பெண் என்னால் அழுகிறாளே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் வருத்தம் அப்புறமாக, குளிக்கப் போனபோது வந்தது. அங்கேயே அழுது முடித்துவிட்டு வந்தேன்.

மாமியார் அன்றைக்கு வழக்கம்போல ரசம் வைத்தார். எந்தச் சின்ன நல்ல செய்திக்கும் பாயசம் வைத்துப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்புகிறவர் அவர். அன்று பக்கத்து வீட்டு அம்மா வந்து பேசிக்கொண்டிருந்தபோதும் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லவில்லை. நான் அடுப்படியில் நிற்பது அவருக்குத் தெரியும். சாயங்காலம் நானே சேமியாவை வறுத்துப் பால் ஊற்றினேன். மாமியார் வந்து பார்த்தார். முந்திரியை எடுத்து உடைத்துக் கொடுத்தார்.

ஆனால் அவளைச் சென்னைக்கு அனுப்புவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் கணவர் எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பேசினேன்.

"ஒரு வருஷம் வேல பாக்கட்டும் அத்தை. அப்புறமா பாத்துக்கலாம்."

"தனியா எப்படி இருப்பா? ஒண்ணுந் தெரியாத புள்ள."

"நானும் தனியாத்தான் இருந்தேன். நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப நான் சென்னையிலேருந்துதான வந்தேன்?"

மாமியார் என்னைப் பார்த்தார். "ஒனக்குக் கெடைக்கலன்னு வருத்தமா இல்லையா ஒனக்கு?"

"இருக்கு அத்தை. அதுக்காக அவள வூட்ல வச்சுக்கிட்டா எனக்குக் கெடைச்சிருமா?"

அவர் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து அடுக்கினார். பிறகு, "ஆஸ்டல்ல சோறு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நாத்தனார் அறைக்குள்ளிருந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

அரியலூர் ரயில் நிலையத்தில் அவளை வழியனுப்பிவிட்டு வந்த பிறகு நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. மத்தியானத்தில் தூங்கினேன். மகளுக்கு அம்மை போட்டது, பிறகு பள்ளி ஆண்டுவிழா வந்தது, நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நாத்தனார் போன் செய்யும்போதெல்லாம், "கணக்குப் போடுறீங்களா?" என்பாள். போடுகிறேன் என்று சொல்லிவைப்பேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஒருநாள் ஒரு புதிய பயிற்சித் தளத்தின் இணைப்பை அனுப்பி, "இதுல ஒண்ணு போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, அப்பத்தான் பேசுவேன்" என்று எழுதியிருந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது தென்னை மரக் கணக்கு. ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாகத் தென்னை மரங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை காய் என்று கொடுத்திருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு மரங்களில் ஏறக் கூடாது. அதிகமாக எத்தனை காய் பறிக்கலாம்? பழைய திருடன் கணக்குதான், தெருவுக்குப் பதிலாகக் குளம். வட்டம் என்பதால் முதல் மரமும் கடைசி மரமும் பக்கத்துப் பக்கத்து மரங்களாகிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் மரத்தை விட்டுவிட்டு ஒரு தடவை, கடைசி மரத்தை விட்டுவிட்டு ஒரு தடவை போட்டு, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். எழுதினேன். ஒரே ஒரு சோதனையைத் தவிர மற்றதெல்லாம் பச்சை. அந்தச் சோதனையில் என்ன எண்கள் என்பதைத் தளம் காட்டாது.

அன்று மாலைவரை என் புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டேன். வரி வரியாகப் படித்தேன். எல்லா விதமாகவும் மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிற இன்னொரு புரோகிராம் எழுதி, சின்னச் சின்னக் குளங்களுக்கு இரண்டின் விடையையும் ஒப்பிட்டேன். எங்கேயும் மாறவில்லை. அப்போதுதான் பழைய வேலையின் புத்தி வந்தது. தவறு எப்போதும் ஓரத்தில் இருக்கும் என்று தேடுவோம்: ஒன்றுமே இல்லாதபோது, ஒன்றே ஒன்று இருக்கும்போது. குளத்தைச் சுற்றி ஒரே ஒரு மரம் இருந்தால்? அதிலுள்ள காய்களைப் பறித்துக்கொள்ளலாம், பக்கத்தில் வேறு மரமே இல்லை. நான் அதைத் தனியாகக் கவனித்து எழுதியிருந்தேன். கணக்கைப் போட்டவர் கவனிக்காமல் விட்டிருந்தால், முதல் மரத்தை விட்டாலும் கடைசி மரத்தை விட்டாலும் மிச்சம் ஒன்றுமிருக்காது. அவருக்கு விடை பூஜ்யம் வந்திருக்கும்.

ஒரு மரம் என்றால் பூஜ்யம் சொல் என்று, தவறு என்று தெரிந்தே ஒரு வரியை மாற்றி அனுப்பினேன். எல்லாம் பச்சையாயிற்று.

நாத்தனாரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் ஹாஸ்டல் மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் பாஸ் ஆயிடுச்சுல்ல அண்ணி? அப்புறம் என்னா, விட்டுடுங்க."

"தப்பு விடைக்குப் பாஸ் போட்டுருக்காங்க. சரியா எழுதுனவங்க எத்தன பேரு தன்னோடதுதான் தப்புன்னு ஒக்காந்துக்கிட்டு இருப்பாங்க?"

"அப்ப எழுதிப் போடுங்க" என்றாள்.

தளத்தில் குறைகளைத் தெரிவிக்க ஓர் இடம் இருந்தது. ஒரே ஒரு மரம், அதில் ஐந்து காய், உங்கள் விடை பூஜ்யம், சரியான விடை ஐந்து என்று எழுதி, காரணத்தையும் சுருக்கமாகச் சேர்த்து அனுப்பினேன். சில நாட்கள் கழித்துத் திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. அதோடு, இன்னும் வேறு கணக்குகளைப் பார்த்தீர்களா என்றும் கேட்டிருந்தார்கள். பார்த்திருந்தேன். இரண்டு கணக்குகளில் கேள்வியே தெளிவாக இல்லை என்று எழுதினேன். மூன்றாவது மின்னஞ்சலில், புதிய கணக்குகளை வெளியிடுமுன் சரிபார்க்க ஆள் தேவை, வீட்டிலிருந்தே செய்யலாம், விருப்பமா என்று கேட்டார்கள். இதற்கும் ஒரு நேர்காணல் இருந்தது. ஆனால் யாரும் பார்த்துக்கொண்டிருக்க எழுதச் சொல்லவில்லை. உடைந்த கணக்கு ஒன்றைக் கொடுத்து, எங்கே உடைந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள்.

நிரந்தர வேலை இல்லை; ஒப்பந்தம்தான். பெரிய சம்பளமும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். "நீ பழைய வேலைக்கே திரும்பப் போயிட்ட மாதிரிதான" என்றார். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அவர்கள் அனுப்பிய முதல் கணக்கு ரயில் பெட்டிகளில் மூட்டை அடுக்குவதைப் பற்றியது. நான் எனக்குத் தெரிந்த எல்லா ஓரங்களிலும் தட்டிப் பார்த்தேன். மூட்டையே இல்லாத ரயில், ஒரே பெட்டி, பெட்டியைவிடப் பெரிய மூட்டை. எதிலும் உடையவில்லை. முதல் வேலையிலேயே ஒன்றும் கண்டுபிடிக்காமல் அனுப்புவதா என்று கூச்சமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இரண்டாம் நாள்தான் அனுப்பினேன். அன்று சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள்.

"என்னா தப்பு கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. சரியாத்தான் போட்டுருக்காங்க."

"இதச் சொல்றதுக்கா ரெண்டு நாளா ஒக்காந்திருந்தீங்க?"

"சரியா இருக்குன்னு சொல்றதுக்குத்தான் அவ்ளோ நேரம் ஆவுது."

அவள் சிரித்தாள். மெஸ்ஸில் தோசை தீர்வதற்குள் போக வேண்டும் என்று சொல்லி, அதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசப் போனைக் கொடுக்கச் சொன்னாள். மாமியாரிடம் கொடுத்துவிட்டு நான் மகளுக்குச் சாப்பாடு ஊட்டப் போனேன்.